மொத்த வாடிக்கையாளர்

ஒரு குடிமகனின் வீட்டில் தொலைபேசி இருப்பது உரிமை. அது வேலை செய்வது சலுகை. இந்த நுட்பமான வேறுபாடு பல்செட்காரருக்குத் தெரியாமல் போனதால்தான் இந்தக் கதை நடந்தது.

அவர் வீட்டுத் தொலைபேசி ஒரு திங்கட்கிழமை காலை, யாருக்கும் தொந்தரவு தராமல் அமைதியாகக் காலமானது. எடுத்துக் காதில் வைத்தால் கொர்ரென்று ஒரு சத்தம் வருமே, அது வரவில்லை. தட்டிப் பார்த்தார், ஊதிப் பார்த்தார். கடைசியில், தன்னிடம் அளவு கொடுக்க வருகிறவர்களின் வாயைப் பார்ப்பதுபோல டார்ச் அடித்தும் பார்த்தார். பலன் இல்லை.

வேறொரு வாரமாக இருந்தால் அவர் கவலைப்பட்டிருக்க மாட்டார். பொய்ப்பல் கட்டுகிறவரை யாரும் அவசரமாகக் கூப்பிடுவதில்லை. பல் இருக்கிறவர்களுக்கு அவர் தேவையில்லை, பல் இல்லாதவர்கள் போனில் பேசினால் புரியாது. ஆனால் அந்த வாரம் வீட்டம்மா கோபித்துக்கொண்டு வேறு ஊரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். வெள்ளிக்கிழமை வீட்டுப் போனுக்குக் கூப்பிடுவேன், ‘நான் செஞ்சது தப்பு’ என்று வாய் திறந்து சொன்னால் திரும்பி வருவேன், எடுக்காவிட்டால் அதையே பதிலாக எடுத்துக்கொள்வேன் என்று நிபந்தனை வைத்துவிட்டுப் போயிருந்தார்.

நேரில் போய்ச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். நேரில் வரவே கூடாது என்பதும் நிபந்தனையில் ஒன்று. இத்தனை வருஷக் குடித்தனத்தில் பல்செட்காரர் ஒரு தடவைகூடத் தப்பு என்று சொன்னதில்லை. முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு எதிரே நிற்பார், அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிடும், விஷயம் அதோடு முடிந்துவிடும். போனில் முகம் தெரியாது, வார்த்தை வந்தாக வேண்டும். கைபேசியும் செல்லாது. கைபேசியில் பேசுகிற ஆம்பளை வீட்டில் இருக்கிறாரா, சீட்டாட்ட கிளப்பில் இருக்கிறாரா என்று யாருக்குத் தெரியும் என்பது அம்மாவின் நெடுநாள் கட்சி. வீட்டுப் போன் என்றால் வீட்டில் இருந்தாக வேண்டும்.

சண்டைக்குக் காரணமும் இதே போன்தான். அதுவரை அவர்கள் பெரிய கம்பெனியின் வாடிக்கையாளர்கள். கம்பம் நட்டு, கம்பி இழுத்து, ஊருக்கே போன் கொடுத்த கம்பெனி அது. அப்புறம் ஊரில் ஒரு புது நாகரிகம் வந்தது. கம்பமும் கம்பியும் இல்லாமல் போன் கம்பெனி நடத்துவது. பெரிய கம்பெனியின் கம்பியை மொத்தமாக வாங்கி, தன் பெயரை ஒட்டிச் சில்லறையாக விற்பது. ஊரார் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்று முன்னோர்கள் சுருக்கமாகச் சொன்னதை இவர்கள் நூறு பக்கத்துக்குத் திட்டமாக எழுதி வைத்திருந்தார்கள். அப்படி வந்த ஒரு கம்பெனி கடைவீதியில் ஆள் உயரத்துக்கு ஒரு சிரிக்கிற வாயைப் படமாக மாட்டியது. முப்பத்திரண்டு பல்லும் முத்து முத்தாக இருந்தன. இது நிஜப் பல்லா, செட்டா என்று கிட்டப் போய்ப் பார்க்கலாம் என்று உள்ளே நுழைந்த பல்செட்காரர், கையெழுத்துப் போட்டுவிட்டு ஒரு சுவர்க் கடிகாரத்தோடு வெளியே வந்தார். நல்லா இருக்கிற போனை எதுக்கு மாத்தினீங்க என்றார் வீட்டம்மா. போன் மாறவில்லை, நம்பர் மாறவில்லை, கம்பிகூட மாறவில்லை என்றார் இவர். அப்ப என்னதான் மாறிச்சு என்று அம்மா கேட்டதற்கு இவரிடம் பதில் இல்லை. பதில் இல்லாத ஆம்பளை குரலை உயர்த்துவான். உயர்த்தினார். அம்மா பெட்டியை எடுத்துவிட்டார்.

ஆகவே போன் செத்த அன்றே பல்செட்காரர் பக்கத்து வீட்டுப் பாட்டு டீச்சரிடம் ஓடினார். டீச்சர் நல்ல மனுஷி, தன் போனைக் கொடுத்தார். எடுத்தது மச்சினி. அக்கா பேச மாட்டாங்க, வெள்ளிக்கிழமை உங்க வீட்டு நம்பருக்குத்தான் கூப்பிடுவாங்களாம் என்று சொல்லி வைத்துவிட்டாள். போன் ரிப்பேர் என்று சொல்ல வாயெடுத்தார். சொன்னால், அந்தப் போனை மாற்றியது யார் என்ற கேள்வி மறுபடி எழும் என்று விழுங்கிக்கொண்டார்.

டீச்சர் வீட்டு வாசலுக்கு வந்தால், கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி, தெருமுனைக் கம்பத்தில் ஏணி சாய்ந்திருந்தது. பெரிய கம்பெனியின் லைன்மேன் மேலே கம்பிப் பெட்டியைத் திறந்து எதையோ முறுக்கிக்கொண்டிருந்தார். பல்செட்காரர் கீழே நின்று தன் வீட்டைக் காட்டி முறையிட்டார்.

“நீங்க சிரிப்புக் கம்பெனி ஆளு. உங்ககிட்ட நான் பேசவே கூடாது சார்” என்றார் லைன்மேன். சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஏன் கூடாது என்பதையும், அந்தப் பக்கம் பார்த்தபடியே, அவர் விளக்கினார். போட்டி விதி என்று ஒன்று வந்திருக்கிறது. சின்னக் கம்பெனிகளின் வாடிக்கையாளரோடு பெரிய கம்பெனி ஆள் பேசினால், நைசாகப் பேசி அவரைத் திருப்பி இழுக்கிறான் என்று ஆகிவிடும். சிரித்துப் பேசினால் குற்றம் இன்னும் பெரிது.

“அந்தத் தொங்குற கம்பி எங்க வீட்டுதுதானே?”

“ஆமா. நான்தான் புடுங்கினேன். பெட்டியில இடம் பத்துக்குத்தான். மாடி வீட்டுக்குப் புதுசா லைன் கொடுக்கணும்னு ஆர்டர். ஒண்ணைக் கழட்டினாத்தானே ஒண்ணை மாட்ட முடியும்.”

“அப்ப நீங்களே மாட்டிடுங்களேன்.”

“புடுங்குறது எங்க கம்பெனி வேலை. மாட்டுறதை உங்க கம்பெனி கேக்கணும்.”

அதில் ஒரு நியாயம் இருப்பதாகப் பல்செட்காரருக்கே தோன்றியது. லைன்மேன் ஏணியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு, விதிப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டே போனார். எதிரே வந்த சைக்கிளைப் பார்க்கவில்லை.

சிரிப்புக் கம்பெனியின் அலுவலகத்தில் குளிர்ச்சி இருந்தது, மெத்தை நாற்காலி இருந்தது, மீன்தொட்டி இருந்தது. தொலைபேசி என்று ஒன்று கண்ணில் படவில்லை. மேசைக்குப் பின்னால் இருந்த பெண்ணின் சட்டையில் ‘மகிழ்ச்சி அலுவலர்’ என்று எழுதியிருந்தது. பல்செட்காரர் சொன்னதையெல்லாம் அவள் தலையாட்டிக் கேட்டாள். வீட்டம்மா கோபித்துக்கொண்டு போனதைச் சொன்னபோது நிஜமாகவே கண்கலங்கினாள். பிறகு அவருடைய உணர்வுகளைப் பதிவு செய்துகொண்டதாகச் சொன்னாள்.

“உணர்வு இருக்கட்டும்மா. ஒரு ஆளை அனுப்பி அந்தக் கம்பியை மாட்டச் சொல்லு.”

“எங்ககிட்ட கம்பி கிடையாது சார். ஏணி கிடையாது. ஏணியில ஏறுற ஆள் கிடையாது. எதுவுமே சொந்தமா இல்லாததுதான் எங்க பலம்” என்றாள் அவள் பெருமையாக.

அவர்கள் பெரிய கம்பெனியிடம் நேரடியாக வாங்குவதுமில்லையாம். நடுவில் ஒரு நடுக் கம்பெனி, அதனிடம்தான் வாங்குகிறார்கள். புகார் அங்கே போய், அங்கிருந்து பெரிய கம்பெனிக்குப் போய், ஏழு வேலை நாளில் பதில் வரும். ஞாயிறு கணக்கில் வராது. வெள்ளிக்கிழமைக்குள் ஆகாதா என்று அவர் கெஞ்சினார். அவசரம் என்றால் நடுக் கம்பெனியையே போய்ப் பாருங்கள், இதே கட்டடத்தில் மாடியில்தான் இருக்கிறது என்றாள். அவள் கெட்டவள் இல்லை, வாசல்வரை வந்து வழியும் காட்டினாள்.

மாடியில் ஒரு அறை, ஒரு மேசை, ஒரு இளம் அதிகாரி. கழுத்துப்பட்டையை மட்டும் ஒழுங்காகக் கட்டியிருந்தார். மேசையில் இரண்டு தட்டுகள். கீழிருந்து வரும் காகிதத்தை இடது தட்டிலிருந்து எடுத்து, முத்திரை குத்தி, வலது தட்டில் வைப்பார். நடுக் கம்பெனி அவ்வளவுதான். தனி ஆள்கள் சொல்வதை இங்கே கேட்பதில்லை, பெரிய கம்பெனியும் கேட்காது, மொத்த வாடிக்கையாளர் சொன்னால்தான் கேட்பார்கள் என்றார் அவர். மொத்த வாடிக்கையாளர் என்றால் யார்? பத்து லைன் எடுத்து விற்கிற எவரும். அதற்கு என்ன தகுதி வேண்டும்? அதிகாரி கொஞ்சம் யோசித்தார். இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார். தான் போன வருஷம்வரை மாமனார் கடையில் பாத்திரம் விற்றுக்கொண்டிருந்ததாகவும் சொன்னார்.

பல்செட்காரர் போகிற வழியில் பெரிய கம்பெனியின் முன்வாசலிலும் நுழைந்து பார்த்தார், வாட்ச்மேன் வெளியே அனுப்பிவிட்டார். வீட்டுக்கு நடந்து வந்தார். ஒரு கம்பியை மாட்டுவதற்காக ஒரு கம்பெனி ஆரம்பிப்பதா என்று மனசு கேட்டது. வேறு வழியைக் காட்டு என்று அதனிடமே கேட்டார். அதற்கும் தெரியவில்லை. வீட்டில் சாப்பிட ஒன்றும் இல்லை. சமையலறையில் வீட்டம்மா கவிழ்த்து வைத்துவிட்டுப் போன பாத்திரங்கள் அப்படியே இருந்தன. அவற்றைப் பார்க்க அவருக்கு அழுகை வந்தது. அன்று இரவு ‘தெளிவான குரல் தொலைபேசி நிறுவனம்’ உதயமானது.

மறுநாள் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினார். தன் நிறுவனத்தில் சேர்ந்தால் பல்செட்டை ஆயுளுக்கும் இலவசமாகச் சுத்தம் செய்து தருவதாக அறிவித்தார். சொந்தப் பல் உள்ளவர்களுக்கு அது எதிர்காலப் பாதுகாப்பு என்றார். ஜனங்களும் சேர்ந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் சேர்ந்துவிட்டார் என்பதைவிடப் பெரிய காரணம் அந்தத் தெருவில் எப்போதுமே தேவைப்பட்டதில்லை. பாட்டு டீச்சர் மட்டும், உங்க வீட்டுக்காரம்மா திரும்பி வரட்டும் அண்ணே என்று சொல்லி, அந்தக் காரணத்துக்காகவே கையெழுத்துப் போட்டார்.

அன்று சாயங்காலமே பத்துப் பேர் கையெழுத்தோடு பல்செட்காரர் பெரிய கம்பெனிக்குப் போனபோது, அவருக்குத் தனிக் கதவு திறந்தது. உள்ளே கம்பளம் விரித்திருந்தது. மொத்த உறவுகள் அதிகாரி என்பவர் எழுந்து நின்று, இரண்டு கையையும் நீட்டி வரவேற்றார்.

“வாங்க சார். இந்தக் கதவு வழியா வந்தா நீங்க எங்க கூட்டாளி.”

“நேத்து முன்வாசல் வழியா வந்தேன். வாட்ச்மேன் வெளியே அனுப்பிட்டார்.”

“அது நீங்க இல்ல சார். அது வேற ஒரு கம்பெனியோட வாடிக்கையாளர்.”

குளிர்பானம் வந்தது. பல்செட்காரர் தன் வீட்டு நம்பரைச் சொல்லி, அதை மட்டும் மாட்டிவிடுங்கள், எனக்கு வேறெதுவும் வேண்டாம் என்றார். அதிகாரி மிகவும் வருந்தினார். தெளிவான குரல் நிறுவனத்தின் பத்து லைனில் எது கெட்டாலும் தலைகீழாக நின்று சரிசெய்வார்களாம். ஆனால் இந்த நம்பர் சிரிப்புக் கம்பெனியின் கணக்கில் இருக்கிறது. அதை முதலில் இவருடைய நிறுவனத்துக்கு மாற்ற வேண்டும். அது சுலபம். வாடிக்கையாளருக்குச் சம்மதமா என்று கேட்டு அந்த நம்பருக்கே கூப்பிடுவார்கள். அவர் எடுத்து, சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

“அந்தப் போன்தான் செத்துப்போயிருக்கே.”

“மூணு தடவை கூப்பிடுவோம் சார். எடுக்கலைன்னா அதையே அவரோட பதிலா எடுத்துக்குவோம்.”

“அந்த வாடிக்கையாளர் நான்தான். இதோ உக்காந்திருக்கேன். சரி, சரி, சரி.”

“நீங்க கம்பெனி சார். வாடிக்கையாளருக்காக கம்பெனி சம்மதம் சொன்னா அது மோசடி.”

சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது என்று பல்செட்காரர் நொந்துபோனார். ஆனாலும் அதிகாரி அவரை வெறுங்கையோடு அனுப்பவில்லை. மொத்த வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு புகார் லைன் இலவசம். வியாழக்கிழமையே லைன்மேன் வந்து, இப்போது இவர் முகத்தைப் பார்த்துச் சிரித்துப் பேசி, பளபளக்கும் சிவப்புப் போன் ஒன்றை மேசையில் வைத்தார். எடுத்துப் பார்த்தார் பல்செட்காரர். கொர்ரென்று இரைந்தது, கேட்கவே இனிமையாக இருந்தது. உடனே மச்சினி வீட்டு நம்பரைச் சுழற்றப் போனார். சுழற்றுவதற்கு எண்களே இல்லை. புகார் வாங்கத்தான் அது, கூப்பிட வராது என்றார் லைன்மேன். கம்பெனி தானாக யாரையாவது கூப்பிடும் என்ற எண்ணமே யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

சிறிது நேரத்தில் பாட்டு டீச்சர் வந்தார். போன் செத்துவிட்டதாம். பல்செட்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. வெளியே ஓடி அண்ணாந்து பார்த்தார். பெட்டியில் இடம் பத்துக்குத்தான். சிவப்புப் போனுக்கு இடம் வேண்டுமென்று லைன்மேன் டீச்சருடைய கம்பியைப் பிடுங்கிவிட்டிருந்தார். டீச்சருடைய அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார், அங்கிருந்து போன் வரும் என்று டீச்சர் சொன்னார்.

சிவப்புப் போனைக் கழற்றிவிட்டு டீச்சருடையதை மாட்டச் சொல்லலாம். பல்செட்காரருக்கு அது தோன்றத்தான் செய்தது. ஆனால் சிவப்புப் போன் போனால் மொத்த வாடிக்கையாளர் பதவி போகும், பதவி போனால் கம்பளக் கதவு அடைபடும், நாளைக்கோ வெள்ளிக்கிழமை. அவர் வாய் தானாகத் திறந்தது.

“கம்பி எங்களுது இல்ல டீச்சர். உங்க உணர்வைப் பதிவு பண்ணிக்கிறேன்.”

டீச்சர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பல் போனால் சொல் போச்சு என்பார்கள். இவருக்குப் பல்லெல்லாம் கெட்டியாக இருக்கும்போதே வேறொருவருடைய சொல் வாய்க்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. அது அவருக்கே தெரிந்தது, வெட்கமாகவும் இருந்தது. ஆனால் அடுத்த புகாருக்கு அது இன்னும் சரளமாக வந்தது.

வெள்ளிக்கிழமை அடுத்தடுத்துப் புகார்கள் வந்தன. மாடி வீட்டுக்காரரும் சொந்தமாகக் கம்பெனி ஆரம்பித்திருந்தார். அவருக்கும் ஒரு சிவப்புப் போன் வந்து, அதற்கு ஒரு கம்பி போயிருந்தது, பிடுங்கி மாட்டியதில் மற்ற கம்பிகளும் கலைந்திருந்தன. சாயங்காலம் பல்செட்காரர் வீட்டுக் கூடத்தில் தெருவே வரிசையில் நின்றது. முதலில் நின்றவர் டீச்சர். மேசையில் செத்த போனும் சிவப்புப் போனும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பல்செட்காரர் கண்ணெல்லாம் செத்ததன் மேல்தான். ஒருவேளை அடித்துவிடாதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். அடித்தது சிவப்பு.

“வணக்கம். தெளிவான குரல். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்.”

ஒரு பெண் குரல், களைத்துப்போன குரல், ஒரு நம்பரைச் சொன்னது. எத்தனை தடவை அடித்தும் எடுக்க மாட்டேன் என்கிறார்கள் என்றது. முதுகுக்குப் பின்னால் வரிசை இரைந்துகொண்டிருந்தது. பல்செட்காரர் நம்பரைக் காதில் வாங்கினாரே தவிர மனசில் வாங்கவில்லை.

“அந்தக் கம்பி எங்களுது இல்லம்மா. நீங்க எங்க வாடிக்கையாளரும் இல்ல. உங்ககிட்ட நாங்க பேசுறதே போட்டி விதிக்கு விரோதம்.”

மறுமுனைக் குரல் சட்டென்று உயர்ந்தது.

“ஏங்க, நீங்களா?”

பல்செட்காரர் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“எடுக்கலைன்னா அதுதான் பதில்னு சொல்லிட்டு வந்தேன்” என்றார் வீட்டம்மா. “மனசு கேக்கல. உடம்புக்கு ஏதாவது ஆயிடுச்சோன்னு பயந்துட்டேன். பெரிய கம்பெனிகிட்ட கேட்டேன், சிரிப்புக் கம்பெனிகிட்ட கேட்டேன், நடுவுல ஒருத்தன் இருக்கான், அவன்கிட்டயும் கேட்டேன். நம்ம தெருப் புகாருக்குன்னு அவன்தான் இந்த நம்பரைக் கொடுத்தான். கடைசியில பார்த்தா நீங்க.”

பல்செட்காரர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாள் முழுக்க இந்த மனுஷி தன்னைத் தேடி எத்தனை பேரிடம் கெஞ்சியிருக்கிறாள். தெரு மொத்தமும் பின்னால் நிற்பதை அவர் மறந்தார்.

“நான் செஞ்சது தப்பு” என்றார் உரக்க. கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவை.

“கேட்டுச்சு” என்றார் வீட்டம்மா. குரல் இளகித்தான் இருந்தது. ஆனால் நாள் முழுக்க அலுவலகங்களோடு பேசினவர் சும்மா இருப்பாரா? “கோபம் என்னோடதுதாங்க. ஆனா நான் இப்ப தங்கச்சி வீட்டுல இருக்கேன், இந்த வீட்டு வழியாத்தான் அது விநியோகம் ஆகுது. நேரா உங்ககிட்ட பேசினா போட்டி விதிக்கு விரோதம். இருங்க, தரேன்.”

மச்சினி வந்தாள். “சொல்லுங்க அத்தான். உங்க மன்னிப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்.”

“அக்காகிட்ட கொடும்மா.”

“மொத்த வாடிக்கையாளரா இருந்தா அக்காவே பேசுவாங்க. நீங்க ஒரே ஒரு புருஷன் அத்தான். சில்லறை. பதிவு பண்ணிட்டேன், ஏழு வேலை நாள்ல அக்கா வருவாங்க. ஞாயிறு கணக்குல வராது. லைன்லயே இருங்க.”

பின்னால் வீட்டம்மா சிரிக்கிற சத்தம் கேட்டது. பல்செட்காரர் லைனிலேயே இருந்தார். அவ்வளவு சத்தமாகப் பேசியதில் கூடத்தில் எல்லோருக்கும் எல்லாம் புரிந்துபோயிருந்தது. அவர்களும் சிரித்தார்கள். பாட்டு டீச்சர்கூட. பல்செட்காரர் வெட்கத்தோடு, வரிசையில் இருப்பவர்கள் ஒவ்வொருவராகப் புகாரைச் சொல்லலாம் என்று கைகாட்டினார்.

டீச்சர் முன்னால் வந்தார். ஆஸ்பத்திரி போனைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்துப் பல்செட்காரர் தலையைக் குனிந்துகொண்டார். டீச்சர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மேசைமேல் குனிந்து, மெதுவாகக் கேட்டார்.

“அண்ணே, அந்தப் பத்துப் பேரை எப்படிச் சேர்த்தீங்க?”

பின்னால் நின்ற அத்தனை பேரும் சிரிப்பை நிறுத்திவிட்டு, பதில் தெளிவாகக் காதில் விழ வேண்டுமே என்று ஒரு அடி முன்னால் நகர்ந்தார்கள்.